எழுத்தில் இல்லாத பாட்டு

போர் வரும்போது தணிக்கையும் கூடவே வருகிறது. படை திரட்டும் அரசின் கண் முதலில் பத்திரிகைமேல் விழும், அடுத்து அச்சகத்தின் மேல், அப்புறம்தான் மேடைமேல். இந்த வரிசையில் பாட்டு கடைசியாகத்தான் சிக்கும். தணிக்கைச் சட்டங்கள் எல்லாமே ஏதோ ஒரு பொருளைக் கைப்பற்றுவதற்காக எழுதப்பட்டவை. கையெழுத்துப் பிரதியையும் அச்சிட்ட தாளையும் படச்சுருளையும் பறிமுதல் செய்யலாம். பாடி முடித்த பாட்டில் பறிமுதல் செய்ய எதுவும் இருப்பதில்லை. இரண்டு உலகப் போர்களையும் உள்ளடக்கிய முப்பது ஆண்டுகளில் தமிழ் இசை நாடக மேடை இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்ட அளவுக்கு வேறெந்தக் கலையும் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

மேடையைக் கட்டுப்படுத்தும் சட்டம் போருக்கு முன்பே வந்துவிட்டது. 1876ல் கல்கத்தாவில் ஒரு நாடகம் வேல்ஸ் இளவரசரின் வருகையையும், அவரைத் தன் வீட்டுப் பெண்களைக் கொண்டு வரவேற்க வைத்த ஒரு வழக்கறிஞரையும் கேலி செய்தது. அரசு அவசரச் சட்டம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடக நிகழ்த்துதல் சட்டமாயிற்று. அரசுக்கு எதிரான வெறுப்பைத் தூண்டும் நாடகம், அவதூறான நாடகம், ஆபாசமான நாடகம் எதையும் தடுக்கலாம், நாடகப் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம் என்றது அது. கல்கத்தாவின் எழுதப்பட்ட நாடகங்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் மதுரைக்கு வந்தபோது தடுமாறியது. மதுரையில் நடந்தது வேறு வகை நாடகம்.

அதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். கம்பெனி, ஒத்திகை, இயக்குநர் எதுவும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் மூன்றாவது ஊரிலிருந்து. அன்றிரவு மேடையில்தான் முதன்முறை சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்கள் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் இது முடிந்தது. கதை மாறாது. ஆனால் எந்த இடத்தில் எந்தப் பாட்டைப் பாடுவது, தர்க்கத்தை எவ்வளவு நேரம் இழுப்பது என்பதெல்லாம் நடிகரின் விருப்பமும் கூட்டத்தின் கைதட்டலும் தீர்மானிப்பவை. ஆர்மோனியக்காரர் பின்தொடர்ந்து வாசித்துக்கொள்வார். காவல்துறை பிரதி கேட்டால் கொடுப்பதற்கு வள்ளி திருமணம் இருந்தது. முருகன் கதையில் ராஜத் துரோகம் தேட யாராலும் முடியாது. இரவு பத்து மணிக்கு மேல் மேடையில் ஒலித்த பாட்டுகளில் பாதி அந்தப் பிரதியில் இல்லாதவை.

முதல் உலகப் போரின்போது சென்னை மாகாணம் சண்டையை நேரில் பார்த்தது ஒரே ஓர் இரவுதான். 1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போயிற்று. போரின் நிரந்தர விளைவு சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1915ல் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விசாரணையில்லாக் காவலும் எழுத்துக்கு முன்தணிக்கையும் அதன் கீழ் சாதாரணமாயின. புதுச்சேரியில் பத்தாண்டுகள் தங்கியிருந்த பாரதி, போர் ஓய்ந்த சில நாட்களில் 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைதானார். போர் முடிந்தால் போர்க்காலச் சட்டமும் முடியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் பதில் சொன்னது. அதே அதிகாரங்களை அமைதிக்காலத்துக்கும் நீட்டிய சட்டம் அது. அதை எதிர்த்த கிளர்ச்சியின் நடுவில்தான் ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாகில் துப்பாக்கிச் சூடு நடந்தது.

பஞ்சாபிலிருந்து வந்த செய்திகள் தணிக்கையில் மாட்டின. தமிழ் கிராமங்களுக்கு அந்தப் படுகொலை பத்திரிகை வழியாகப் போய்ச் சேர்ந்ததைவிடப் பாட்டாகப் போய்ச் சேர்ந்ததே அதிகம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லாத காலத்தில் அது இயல்புதான். மதுரைக்கவி பாஸ்கரதாஸ் போன்றவர்கள் நாடகத்துக்கென்றே இத்தகைய பாட்டுகளை எழுதினார்கள். நாகலாபுரத்தில் வெள்ளைச்சாமியாகப் பிறந்து மதுரையில் பெயர் பெற்ற பாஸ்கரதாஸ், சாதாரண நாடகப் பாட்டின் மெட்டிலேயே கதரையும் காந்தியையும் பஞ்சாபையும் உட்கார வைத்தார். மெட்டு பழகியதென்பதால் கூட்டம் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது.

அவற்றை மேடையில் பாடியவர்களில் முதன்மையானவர் எஸ்.எஸ். விசுவநாததாஸ். 1886ல் சிவகாசியில் பிறந்தார், திருமங்கலத்தில் வாழ்ந்தார். அவர் புகழ் பெற்ற வேடம் முருகன். பாட்டுக்கும் தணிக்கைக்கும் நடந்த ஆட்டத்தை அவரது வெள்ளைக் கொக்குப் பாட்டு ஒன்றே போதுமான அளவு விளக்கிவிடும். வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனம் காப்பவள். பறவைகளை விரட்டுவது அவள் வேலை. ஆகவே அந்தக் காட்சியில் யாராவது கொக்கை விரட்டிப் பாடினால் கதைக்கு அது ஒட்டும். கொக்கின் நிறம் வெள்ளை. பயிரைத் தின்னும் அந்த வெள்ளைக் கொக்கு கடல் கடந்து வந்தது என்று கூட்டம் தானாகவே புரிந்துகொண்டது. பாட்டு வெளிப்படையாக யாரையும் பெயர் சொல்லித் திட்டத் தேவையில்லாதபடி புராணக் கதையே திரை பிடித்தது. வழக்குப் போட்டால் அரசு வழக்கறிஞர்தான் நீதிமன்றத்தில் நின்று, கொக்கு என்றால் வெள்ளைக்காரன் என்று பொருள் சொல்லியாக வேண்டும்.

ஆனாலும் வழக்குகள் வந்தன. பிரதியைப் படித்துப் பயனில்லை என்று கண்ட காவல்துறை கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. விசுவநாததாஸ் பலமுறை கைதானார், சிறை சென்றார். ஒரு வழக்கில் அவருக்காக வ.உ. சிதம்பரம் பிள்ளையே வாதாடினார். சிறையிலிருந்து வந்ததும் அடுத்த ஊரில் அதே பாட்டு. கைது அவரது நாடகத்துக்கு விளம்பரமாகவும் ஆயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாடகத்தை ஏற்பாடு செய்த காண்ட்ராக்டர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

அவரைப் பற்றிப் பெருமையாக எழுதுபவர்கள் ஒன்றை மட்டும் மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விசுவநாததாஸ் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். நாவிதர் என்று ஒதுக்கப்பட்ட அந்தச் சமூகத்தவரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று பல நடிகைகள் மறுத்தார்கள். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த பாட்டைக் கைதட்டிக் கேட்ட அதே கூட்டத்துக்குள் இந்த மறுப்பும் இருந்தது. காவல்துறையின் தடையைச் சட்டத்தால் எதிர்கொள்ளலாம், சக கலைஞர்களின் தடைக்கு எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு இல்லை.

மேடையோடு சேர்ந்து இன்னொரு தடமும் இருந்தது. காலணா, அரையணா விலைக்குச் சந்தையிலும் ரயிலடியிலும் விற்ற பாட்டுப் புத்தகங்கள். எட்டுப் பக்கம், மட்டமான தாள், அட்டையில் ஒரு படம். கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து விற்ற அதே குஜிலிக் கடைகளில் பகத்சிங் பாட்டும் விற்றது. இது காகிதம் என்பதால் சட்டத்தின் கைக்கு எளிதில் அகப்பட்டது. பறிமுதலான ஏராளமான சிறு வெளியீடுகள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. தடை செய்தவர்களே அவற்றைப் பாதுகாத்தார்கள். விற்ற பிரதிகள் கைமாறிக் கிழிந்து போயின. இந்தப் பாட்டுகளின் வரலாற்றை எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்களுக்குக் காவல்துறைக் கோப்புகள் முக்கியமான ஆதாரம்.

காகிதத்துக்கும் குரலுக்கும் உள்ள வேறுபாடு பாரதியின் பாட்டுகளில் இன்னும் துலக்கமாகத் தெரியும். 1908ல் அவர் சுதேச கீதங்களை நூலாக வெளியிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, அவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1928ல் பர்மா அரசு அவற்றைத் தடை செய்தது. ரங்கூனில் அப்போது தமிழர் கூட்டம் பெரிது. பர்மா அரசைப் பின்பற்றிச் சென்னை அரசும் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் எஸ். சத்தியமூர்த்தி இதைக் கடுமையாக எதிர்த்தார். அவரே சுகுண விலாச சபையில் நடித்தவர், நாடகக்காரர்களைக் காங்கிரஸ் பக்கம் இழுத்தவர். அவர்களது பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்று அறிந்த அரசியல்வாதி. பறிமுதல் நடந்த காலத்திலும் பாட்டுகள் ஊர்வலங்களில் ஒலித்துக்கொண்டிருந்தன. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போன தொண்டர்களுக்கு நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை ஒரு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்தார். ஆயுதமே எடுக்காத யுத்தத்துக்கு ஒரு படைப்பாட்டு அது.

அடுத்து வந்தது கிராமபோன். பாஸ்கரதாஸ் எழுதிய காந்தி பாட்டுகளை கே.பி. சுந்தராம்பாள் இசைத்தட்டில் பாடினார். நாடகத்துக்குப் போக முடியாத ஊர்களுக்கும் அந்தக் குரல் போனது. பிறகு பேசும் படம். 1931 அக்டோபரில் வந்த காளிதாஸ், கதைப்படி பழங்கால மகாகவியைப் பற்றியது. அதில் டி.பி. ராஜலட்சுமி ராட்டையைப் போற்றிப் பாடினார். காளிதாசனுக்கும் கைராட்டைக்கும் சம்பந்தம் கேட்கக் கூடாது. ஸ்பெஷல் நாடகத்தில் பழகிய ரசிகர்கள் கேட்கவும் இல்லை. கதைக்கு வெளியே நிற்கும் பாட்டு என்ற தமிழ் சினிமா வழக்கத்துக்கு இப்படியும் ஒரு வேர் உண்டு.

படச்சுருள் வந்ததும் ஆட்டத்தின் விதி மாறியது. மேடையில் பாட்டை இன்று பாடலாம், நாளை மாற்றலாம். படத்தில் அது ஒரேயடியாகப் பதிந்துவிடுகிறது, வெட்டியெடுக்கக்கூடிய பொருளாகிறது. 1918ன் திரைப்படச் சட்டத்தின் கீழ் அமைந்த சென்னைத் தணிக்கைக் குழுவில் போலீஸ் கமிஷனரின் கை ஓங்கியிருந்தது. 1937ல் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை வந்ததும் பிடி தளர்ந்தது. அந்த இடைவெளியில் கே. சுப்பிரமணியம் கல்கியின் கதையைத் தியாகபூமியாக எடுத்து 1939 மே மாதம் வெளியிட்டார். பாட்டுகள் பாபநாசம் சிவன், பின்னணியில் டி.கே. பட்டம்மாளின் குரல். செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இந்தியத் தலைவர்களைக் கேட்காமலே வைஸ்ராய் இந்தியாவைப் போரில் சேர்த்ததை எதிர்த்து அமைச்சரவை விலகியது. ஆளுநர் ஆட்சி வந்ததும், ஏற்கெனவே அனுமதி பெற்று வாரக்கணக்கில் ஓடிய படத்துக்கு 1940ல் தடை விழுந்தது. தடை வருவதை அறிந்து சென்னை கெயிட்டி தியேட்டரில் படத்தை இலவசமாகக் காட்டினார்கள். கூட்டம் நெரிந்தது, போலீஸ் தடியடி நடத்தியது.

அரசு பாட்டை அடக்க மட்டும் முயலவில்லை, தனக்கும் பாட்டு வேண்டும் என்று கேட்டது. கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளம் 11,000 அடிக்குள் இருக்க வேண்டுமென்று விதி வந்தது. பிலிம் ஒதுக்கீடு அரசின் கையில் இருந்தது. போர் முயற்சிக்கு ஆதரவாகப் படமெடுப்பது தயாரிப்பாளர்களுக்கு ஏறத்தாழ கட்டாயமாயிற்று. 1945ல் வந்த பர்மா ராணி, மான சம்ரட்சணம், கண்ணம்மா என் காதலி ஆகியவை அந்த வகை. தியாகபூமி எடுத்த சுப்பிரமணியமே மான சம்ரட்சணத்தையும் எடுத்தார். இதை வைத்து அவரைக் குறை சொல்வது எளிது. கைக்கு பிலிம் வராவிட்டால் ஸ்டூடியோவை மூட வேண்டிய நிலையில் இருந்தவர்களுக்கு அது அவ்வளவு எளிதான தேர்வாக இருக்கவில்லை.

விசுவநாததாஸுக்கும் இதேபோல ஒரு தூது வந்ததாக அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கடனில் மூழ்கிய திருமங்கலம் வீட்டை மீட்டுத் தருகிறோம், அரசுக்கு ஆதரவாகப் பாடுங்கள் என்று ஆளுநர் தரப்பிலிருந்து கேட்டார்களாம். அவர் மறுத்தாராம். 1940 அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். போரை எதிர்த்துப் பேசுவதே அந்தப் போராட்டத்தின் வடிவம், பேசியவுடன் கைது. அந்தப் பருவத்திலேயே, டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தபோது விசுவநாததாஸ் மேடையிலேயே உயிரிழந்தார். அவருக்கு 54 வயது.

1947 பொங்கலுக்கு ஏவி.எம். வெளியிட்ட நாம் இருவர் படத்தில் பட்டம்மாள் பாரதியின் பாட்டுகளைப் பாடினார். சுதந்திரம் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் பறிமுதலான பாட்டுகள் தியேட்டர் தியேட்டராக ஒலித்தன. 1949ல் பாரதி பாட்டுகளின் உரிமையை அரசே வாங்கிக்கொண்டது.

வெள்ளையர் போன பிறகும் அவர்கள் போட்ட சட்டம் போகவில்லை. 1954ல் சென்னை மாநிலம் தனக்கென்றே ஒரு நாடகச் சட்டம் இயற்றியது. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம்தான் அதன் உடனடி இலக்கு. பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுக்கும் வழக்கம் இன்னும் அறுபது ஆண்டு நீடித்தது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடர்ந்த வழக்கில் 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. 1876ன் மூலச் சட்டத்தை நாடாளுமன்றம் அதற்கும் பிறகுதான் நீக்கியது. இடையில் நெருக்கடி நிலை வந்தது. 1976ல் அரசு நிகழ்ச்சியில் பாட மறுத்த கிஷோர் குமாரின் பாட்டுகளை ஆல் இந்தியா ரேடியோ ஒலிபரப்பாமல் நிறுத்தியது. வானொலி அரசின் கையில் இருக்கும்போது தடை உத்தரவுகூடத் தேவையில்லை, தட்டைப் போடாமல் இருந்தால் போதும். அமெரிக்காவில் தனியார் தொலைக்காட்சியும் அதையே செய்தது. வியட்நாம் போரைச் சாடிய பீட் சீகரின் பாட்டை 1967ல் சி.பி.எஸ். நிகழ்ச்சியிலிருந்து வெட்டி, சில மாதம் கழித்துத்தான் ஒளிபரப்பியது.

தமிழர் வாழ்வில் போரும் பாட்டும் மிக நெருக்கமாக உராய்ந்த இடம் யாழ்ப்பாணம். 1985ல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய மண் சுமந்த மேனியர், போர் விழுங்கத் தொடங்கியிருந்த சாதாரண மக்களின் துயரத்தை மேடையில் பேசியது. 1990ல் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. கொழும்பு விதித்த பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. யாரும் பாட்டைத் தடை செய்யவில்லை, பாட்டுக் கேட்கும் வழியை அடைத்தார்கள். சனம் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் கேட்டார்கள். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பது வழக்கம். மிதி தளர்ந்தால் பாட்டு இழுபடும்.

அப்படிக் கேட்ட பாட்டுகளில் பல போராட்டப் பாட்டுகள் என்பதைவிடப் போர்ப் பாட்டுகள். விடுதலைப் புலிகள் இயக்கம் வெளியிட்டவை, படைக்கு ஆள் சேர்ப்பவை. இந்த வேறுபாட்டை மழுப்பக் கூடாது. குடாநாட்டுக்குள்ளும் ஒரு தணிக்கை இருந்தது. யாழ். பல்கலைக்கழக நாடக மாணவியும் கவிஞருமான செல்வியை 1991ல் விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள், அவர் திரும்பவில்லை. இலங்கையின் தெற்கிலோ, 1987ல் நந்தா மாலினி பாடிய பவன இசைநாடா சிங்கள இளைஞரிடம் கேசட் கேசட்டாகப் பரவியபோது அரசு வானொலி அதை ஒதுக்கியது. வியட்நாமின் ட்ரின் கொங் சொன் இரு தரப்புக்கும் பிடிக்காத பாட்டுக்காரர். சைகோன் அரசு அவர் பாட்டுகளைத் தடை செய்தது, 1975ல் வென்ற தரப்பு அவரை உழைப்பு முகாமுக்கு அனுப்பியது. போரையே எதிர்த்துப் பாடுபவருக்கு வெற்றி பெற்ற தரப்பு என்று ஒன்று கிடையாது.

தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தின் பெரிய வழக்கு போரைப் பற்றியதல்ல, மதுக்கடையைப் பற்றியது. ஆனால் பயன்பட்ட சட்டம் அதே காலனியாட்சிச் சட்டம். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் 2015 அக்டோபர் 30 அன்று விடியுமுன் திருச்சியில் கைதானார். டாஸ்மாக்கை மூடச் சொன்ன இரண்டு பாட்டுகளுக்காக அவர்மேல் 124ஏ, அதாவது ராஜத் துரோகப் பிரிவு பாய்ந்தது. கைதுக்குப் பிறகு அந்தப் பாட்டுகள் முன்பைவிட வேகமாகக் கைப்பேசிகளில் பரவின. 2018 ஏப்ரலில் அவர் மறுபடியும் ஒரு பாட்டுக்காகக் கைதானார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124ஏயை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தச் சொல் இல்லை, நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து விளைவிப்பதைத் தண்டிக்கும் 152ஆம் பிரிவு இருக்கிறது.

எழுதாத வசனத்துக்கு இடம் வைக்கும் பழக்கம் திருவண்ணாமலை மாவட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. செய்யாறு வட்டத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். சித்திரை, வைகாசியில் வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இரவிரவாக நடந்து பதினெட்டாம் போரில் முடியும். மறுநாள் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். போரின் கதையைப் பாடும் அந்தக் கூத்திலும் கட்டியக்காரனுக்குப் பிரதி கிடையாது. ராஜாவை நிற்க வைத்துக்கொண்டே உள்ளூர் தலையாரி முதல் மந்திரி வரை கிண்டலடிப்பது அவன் உரிமை. ஸ்பெஷல் நாடகத்தின் பபூனுக்கு அவன் அண்ணன். புரிசை கண்ணப்பத் தம்பிரான் குழு, உள்நாட்டுப் போரின் நடுவே ஒரு குழந்தையைக் காப்பாற்றும் பணிப்பெண்ணைப் பற்றிய பிரெக்டின் நாடகத்தை வெள்ளை வட்டம் என்ற கூத்தாக்கியது. ஹிட்லருக்குத் தப்பி நாடு நாடாக அலைந்த பிரெக்ட், பாட்டை நாடகத்துக்குள் கதையை நிறுத்தி யோசிக்க வைக்கும் கருவியாக வைத்தவர். தம்பிரானின் கூத்தில் அதற்கு ஏற்கெனவே இடமிருந்தது.

1989ல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. மாவட்டத்தின் கோரிக்கைகள் எல்லாம் கடைசியில் வந்து சேரும் வாசல் அது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனுவோடு வருபவர்கள் ஒருபுறம், ஆர்ப்பாட்டத்துக்குப் பறையோடு வருபவர்கள் இன்னொருபுறம். இங்கே பாடுபவரிடம் இன்று யாரும் பாட்டின் பிரதி கேட்பதில்லை. கூட்டத்துக்கு முன்னனுமதி, ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி என்றுதான் பேச்சு தொடங்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விதி எல்லாருக்கும் பொது. அனுமதி எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும், எத்தனை நிபந்தனையோடு கிடைக்கும் என்பதில்தான் பாட்டுக்குப் பாட்டு வித்தியாசம். அனுமதி வராத நாளில் மைக் இல்லாமல் பறையை வைத்துக்கொண்டு பாடுகிறார்கள்.